எட்டாவது சில்வர்

அந்த நான்கு சக்கரங்களின் விலை, மூன்று படுக்கையறை உள்ள ஒரு வீடு. கார் நிறுத்தும் இடமும் சேர்த்து. விலைமதிப்பே இல்லாத பொருள் என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த மூச்சிலேயே விலையையும் சொல்லி முடித்தார்கள். விலைமதிப்பில்லாத பொருள்களின் பிழைப்பே அப்படித்தான்.

கார், அறுபது வயதான பந்தயக் கார். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போய்விட்டது. எடை குறைய வேண்டும் என்று அவர்கள் சக்கரங்களை மெக்னீசியத்தில் வார்த்திருந்தார்கள். பார்த்தால் மற்ற சக்கரம் போலத்தான் இருக்கும். தூக்கினால் காலிப் பெட்டி. அப்படிப்பட்ட சக்கரங்கள் உலகத்தில் பத்து செட் மிஞ்சியிருந்தால் அதிகம் என்று விவரம் தெரிந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். விவரம் தெரியாதவர்கள் அதையே இன்னும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை, காலை 9.40.

வொர்க்‌ஷாப்பின் பின்பக்கத்தில் இருந்த பெயின்ட் அறையைப் பெயின்டர் திறந்தார். சாவி அவரிடம் மட்டும்தான். புதன்கிழமை அடித்த பெயின்ட் முழுதாக இறுகும்வரை ஒரு தூசிகூட உள்ளே போகக் கூடாது என்று பூட்டியவர், சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நான்கு சக்கரங்களும் மரக்கட்டைகளின் மேல் வரிசையாகப் படுத்திருந்தன. சில்வர் பெயின்ட், கண்ணைப் பறிக்காமலும் மங்கிப்போகாமலும், பழைய காரின் வயதுக்குப் பொருத்தமாக இருந்தது.

காரை வாங்கப் போகிறவர் அனுப்பிய மதிப்பீட்டாளர் பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தார். முதல் சக்கரத்தை மாட்டினார். முள்ளைப் பார்த்தார். கழற்றிவிட்டு இரண்டாவதை மாட்டினார்.

"ஒன்பது கிலோ," என்றார்.

"அதனால?" என்று கேட்டார் பல் டாக்டர். காரில் பாதி அவருடையது. அப்பா விட்டுப்போன சொத்து. வருகிற வாரம் விற்று முடித்துவிட வேண்டும் என்பது அவர் அவசரம்.

"ஆறுதான் இருக்கணும் மேடம். அசல் மெக்னீசியம். இது அலுமினியம். அழகான காப்பி. ரொம்ப நல்ல வேலை. ஆனா காப்பி."

காரின் மறுபாதி, பல் டாக்டரின் தம்பியுடையது. வொர்க்‌ஷாப் முழுக்க அவரைச் சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சட்டென்று பெயின்டர் பக்கம் திரும்பினார். வாயிலிருந்த மரியாதை அதற்குள் இறங்கிப் போயிருந்தது.

"எங்கடா வச்சிருக்க?"

"நான் கையால தொட்டது இந்த நாலுதான் சார். வேற எதுவும் எனக்குத் தெரியாது," என்றார் பெயின்டர்.

வொர்க்‌ஷாப் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். பிறகு போலீசுக்குப் போன் செய்தார்.

வந்த சப்-இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர், வேகமானவர். காபி வருவதற்குள் வழக்கை முடித்துவிட்டார். அறைக்கு ஒரே பூட்டு. பூட்டுக்கு ஒரே சாவி. காப்பிச் சக்கரத்தின் மேல் இருப்பது பெயின்டரே கையால் கலந்த சில்வர். ஆகவே பெயின்டர் அசலுக்கும் அடித்து, காப்பிக்கும் அடித்து, அசலை வெளியே கடத்திவிட்டார். நாளை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டியதுதான் பாக்கி.

ஜீப்பில் ஏறும்போது பெயின்டர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "பேரு போச்சுன்னா ஒருத்தனும் வண்டிச் சாவியக் கையில குடுக்க மாட்டான் சார். யோசிச்சுப் பண்ணுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் யோசித்துத்தான் பண்ணியிருந்தார். காபிக்கு முன்னால்.

பகல் 12.15.

பெயின்ட் கடையின் கல்லாவில் இருந்த அம்மாளை ஊரில் எல்லோரும் ஷேட் அக்கா என்பார்கள். எந்த நிறத்தைக் காட்டினாலும் அது எந்தக் கம்பெனி, எந்த அட்டை, எத்தனையாவது கட்டம் என்று சொல்லிவிடுவார். சப்-இன்ஸ்பெக்டர் அவருக்குக் கொழுந்தன். கணவரின் கடைசித் தம்பி.

"அண்ணி, ஒரு பில் காப்பி வேணும்."

"பெயின்ட் வாங்குறவங்களுக்குத்தான் இங்க பில்லு."

"டூட்டில இருக்கேன் அண்ணி."

"தெரியுது. டூட்டி இல்லாதப்ப தொப்பியக் கழட்டிட்டு வந்து கடன் கேப்ப. என்ன விஷயம், கொழுந்தனாரே?"

அவர் சொன்னார். பெயின்டரை உள்ளே வைத்த இடத்தில் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"நம்ம துப்பாக்கியவா?" என்றார் ஷேட் அக்கா. ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தால் குறி தப்பாது என்பதால் பெயின்டருக்கு அந்தப் பெயர். "துப்பாக்கியப் பிடிச்சு உள்ள வச்ச முதல் போலீஸ் நீதான். வெளிய சொல்லிக்காத, சிரிப்பாங்க."

"ஆதாரம் இருக்கு அண்ணி. சக்கரத்து மேல இருக்கிறது அவர் கலந்த சில்வர்தானே? இங்கதானே வாங்கினார்?"

"இங்கதான். அந்தச் சில்வரோட ஜாதகமே எனக்குத் தெரியும். உக்காரு."

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம். சின்னவர் பெயின்டரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். சக்கரத்துக்கு என்ன பெயின்ட் என்று முடிவு செய்ய வேண்டும். பவுடரைத் தூவி அடுப்பில் வைத்துச் சுடலாமே, நன்றாக உழைக்குமே என்று ஷேட் அக்கா கேட்டார். சின்னவர் நெஞ்சில் கை வைத்தார்: "அறுபது வருஷ மெக்னீசியத்தை அடுப்புல வைக்கச் சொல்றீங்களா?" சரி, டப்பாவில் வரும் சாதா ஸ்ப்ரே? அதில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் பட்டால் தோல் உரிந்துவிடும் என்றார். அதுவும் உண்மைதான். கடைசியில் ஹார்ட்னர் கலந்து அடிக்கிற, இறுகினால் தின்னருக்கும் அசையாத ரகம் என்று முடிவானது.

அப்புறம்தான் திருவிழாவே. எந்தச் சில்வர்? முதலாவது ரொம்பப் பளபளப்பு. இரண்டாவதில் துகள் பெரிது, அந்தக் காலத்தில் இவ்வளவு மினுக்காது. மூன்றாவதில் நீலம் அடிக்கிறது. நான்காவது பாத்திரக்கடை. இப்படி ஏழு போய், எட்டாவதில் பெயின்டர் குச்சி நுனியால் ஒரு பொட்டுக் கறுப்பைச் சேர்த்துக் கலக்கிக் காட்டியபோதுதான் சின்னவர் முகம் தெளிந்தது.

"அதோட விட்டாரா?" என்றார் ஷேட் அக்கா. "அடியில அடிக்கிற ப்ரைமருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாரு. மெக்னீசியத்து மேல முதல்ல படுறது பச்சை-மஞ்சள் ப்ரைமரா மட்டும்தான் இருக்கணுமாம். சாதா சாம்பல் ப்ரைமர் பட்டா ஆறே மாசத்துல அடியில வெள்ளை பூத்து, மேல இருக்கிற சில்வரையும் தூக்கிட்டு வந்துருமாம். எனக்கே சொல்றாரு! தலையாட்டினேன். வித்தாகணுமே. என் காபி ஆறிப் போச்சு."

"அவருக்கு அந்தச் சக்கரம்னா உயிரு போல."

"இருந்துச்சு," என்றார் ஷேட் அக்கா. கல்லாவைப் பூட்டினார். "வா, துப்பாக்கியப் பாக்கலாம்."

பகல் 1.00. காவல் நிலையம்.

பெயின்டர் பெஞ்சின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுவரில் பெயின்ட் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு காயறதுக்கு முன்னாடி அடிச்சிருக்காங்க," என்றார் வணக்கத்துக்குப் பதிலாக.

"அரசாங்க வேலை, அப்படித்தான் இருக்கும். அண்ணே, சக்கரம் உங்க கைக்கு எப்ப வந்துச்சு?"

"புதன் காலையில. ஷெட்டுல துணி சுத்தி வச்சிருந்துச்சு. மணல் அடிக்கிறவரோட ஆளு செவ்வாய் சாயங்காலமே இறக்கிட்டுப் போயிட்டான்."

"அதுக்கு முன்னாடி அதைத் தூக்கிப் பாத்திருக்கீங்களா?"

"கார்ல மாட்டியிருக்கும்போது பாத்ததுதான். மெக்கானிக் கழட்டி, டயரைப் பிரிச்சு, நேரா பழைய பெயின்ட்டை எடுக்க மணலுக்கு அனுப்பிட்டாங்க."

"துணியப் பிரிச்சீங்க. அப்புறம்?"

"சாம்பல் ப்ரைமர் அடிச்சிருந்துச்சு. வேற சொன்னாங்களேன்னு சின்னவருக்குப் போன் போட்டேன். பரவால்ல, மேல அடிச்சிடுங்கன்னாரு. அடிச்சேன். ரெண்டு கோட்டு சில்வர், அதுக்கு மேல பாதுகாப்புக்கு நிறமில்லாத கிளியர் ஒரு கோட்டு. பூட்டினேன்."

"குளிக்கும்போது சங்கிலியக் கழட்டுவீங்களா?" என்று குறுக்கே புகுந்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்."

"தூங்கும்போது?"

"இல்ல."

"வீட்ல யாராவது சாவியத் தொட்டாங்களா?"

"என் பொண்டாட்டி என் சட்டைப்பையத் தவிர வேற எதையும் தொட மாட்டா சார்."

சப்-இன்ஸ்பெக்டர் சாவியைப் பற்றி இன்னும் கால் மணி நேரம் கேட்டார். ஷேட் அக்கா ஒரு பக்கமாக உட்கார்ந்து, பெயின்டருக்குச் சாப்பாடு வாங்கிவர ஆள் அனுப்பினார்.

மாலை 3.10. பெயின்ட் அறை.

தரையில் பழுப்புத் தாள் விரித்திருந்தது. மரக்கட்டைகளை நகர்த்தச் சொன்னார் ஷேட் அக்கா. பெயின்ட் தூவல் படியாத நான்கு வெறும் வட்டங்கள் தாளில் தெரிந்தன. ஒவ்வொன்றும் விளிம்பு சிதறாமல், தட்டை வைத்து வரைந்ததுபோல இருந்தது.

"எட்டு சக்கரம் அடிச்சிருந்தா வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும்," என்றார்.

"தாளை மாத்தியிருக்கலாம் அண்ணி."

"மாத்தியிருக்கலாம். டின்னை?" மூலையில் இருந்த சில்வர் டின்னைத் தூக்கிக் குலுக்கினார். "நான் ஒரு டின்தான் குடுத்தேன். பாதி அப்படியே இருக்கு. நாலு சக்கரத்துக்குத்தான் இது செலவாகியிருக்கு. அந்த ஒரு பொட்டுக் கறுப்பை அதே மாதிரி இன்னொரு டின்ல போட யாராலயும் முடியாது. துப்பாக்கியாலயும் முடியாது."

பிறகு ஒரு சக்கரத்தின் மேல் குனிந்தார். நட்டு உட்காரும் குழிகளில் பெயின்ட் இல்லை. அங்கே பெயின்ட் படிந்தால் நட்டு நாளடைவில் தளரும் என்பதால், பெயின்டர் அந்தக் குழிகளை மட்டும் வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டிருந்தார். குழியின் விளிம்பில் அடுக்குகள் தெரிந்தன. மேலே சில்வர். நடுவில் சாம்பல். அடியில் உலோகம்.

"வினிகர் ஒரு பாட்டில் வாங்கிட்டு வா."

"எதுக்கு அண்ணி?"

"போலீஸ் செலவுல ஒரு நல்ல காரியம் நடக்கட்டும்."

வினிகர் வந்தது. ஒரு சொட்டைக் குழியில் விட்டார். சொட்டு அசையாமல் கிடந்தது.

"மெக்னீசியமா இருந்தா சோடா மாதிரி பொங்கும்," என்றார். "ஐயா, ஷெட்டுக்குப் பூட்டு உண்டா?"

கதவருகே நின்ற முதலாளி ஆபீஸ் பக்கம் கை காட்டினார். "பூட்டு உண்டும்மா. சாவி ஆபீஸ் ஆணியில தொங்கும்."

"யாரு வேணா எடுக்கலாம்?"

"எடுப்பாங்க. கார்க்காரங்க, மெக்கானிக், நான். அவங்கவங்க சாமானை அங்கதான் வைப்பாங்க. நான் எடுக்கலம்மா! செவ்வாய் சாயங்காலம் நான் பல்லு வலின்னு டாக்டரம்மாகிட்டதான் உக்காந்திருந்தேன்."

"இன்னும் வலிக்குதா?"

"இப்ப எல்லாமே வலிக்குது."

மணல் அடிப்பவர் வெளியூர் போயிருந்தார். காலையில்தான் வருவார் என்றார்கள். பெயின்டர் அந்த இரவைப் பெஞ்சில் கழித்தார்.

ஞாயிறு, காலை 8.00.

மணல் அடிப்பவர் என்பது பழக்கத்தில் வந்த பெயர். மென்மையான உலோகத்துக்கு அவர் மணலை அடிப்பதில்லை. மாவு போன்ற கண்ணாடி மணிகளைத்தான் அடிப்பார். பேச்சும் அதே வேகம்தான்.

"அசல் மெக்னீசியம்தான்மா வந்துச்சு. ஒவ்வொரு கையிலயும் ஒண்ணா ரெண்டைத் தூக்கிட்டுப் போனேன். அந்தத் தூசி தீப்பிடிக்கும், அதனால எதோடயும் கலக்காம தனி டின்ல மூடி வச்சிருக்கேன், பாருங்க."

ஷேட் அக்கா ஒரு சிட்டிகை தூசியைத் தட்டில் போட்டு வினிகரை விட்டார். தூசி சீறிப் பொங்கி நுரைத்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்வாங்கி, பின்வாங்கவே இல்லை என்ற மாதிரி நின்றுகொண்டார்.

"ப்ரைமர்?"

"அடிச்ச சூட்டோட போட்டுட்டேன். இல்லன்னா கறுத்துரும். உங்க கடையில வாங்கின பச்சை-மஞ்சள்தான். பாதி டின் இன்னும் இருக்கு. காஞ்சதும் துணி சுத்தி அனுப்பினேன். வழியில கீறல் விழுந்தா சின்னவர் என்னை உரிச்சிருவாரே."

"கொழுந்தனாரே, துப்பாக்கியோட போனை வாங்கிப் பாரு. புதன்கிழமை காலையில யாருக்குப் போன் போயிருக்கு, எவ்வளவு நேரம் பேசியிருக்காங்கன்னு பாத்துட்டு வா. எல்லாரையும் வொர்க்‌ஷாப்புக்கு வரச் சொல்லு. துப்பாக்கியையும் கூட்டிட்டு வா."

காலை 10.30. வொர்க்‌ஷாப் ஆபீஸ்.

பல் டாக்டரும் முதலாளியும் நாற்காலியில் இருந்தார்கள். மணல் அடிப்பவர் பெட்டி மேல். சின்னவர் சன்னலோரம் நின்றார். பெயின்டருக்கு உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை.

"இந்த நாலு சக்கரத்துக்கும் பெயின்ட் அடிச்சது துப்பாக்கிதான்," என்று ஆரம்பித்தார் ஷேட் அக்கா.

"அதைத்தான் நேத்துல இருந்து சொல்றோம்," என்றார் சின்னவர்.

"இந்த நாலுக்கு மட்டும். தாள்ல நாலு வட்டம்தான் இருக்கு, டின்ல பாதி பெயின்ட் மிச்சம். அசலை அவர் கையால கூடத் தொடல. மூணு நாள் கழுத்துல சாவியத் தொங்கப்போட்டு அவர் காவல் காத்தது காப்பியத்தான். பூட்டைப் பத்தியே பேசிப் பேசி நாம ஒரு நாளைத் தொலைச்சிட்டோம். பூட்டினதுக்கு அப்புறம் எதுவுமே நடக்கல."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மணல்காரர்கிட்ட போனது அசல். தூசி பொங்கிச்சு, போலீஸே சாட்சி. புதன் காலையில துணிக்குள்ள இருந்தது காப்பி. அப்ப மாத்தினது செவ்வாய் சாயங்காலத்துக்கு அப்புறம். ஒண்ணு மணல்காரரு, இல்ல ஷெட்டு."

"நான் இல்லம்மா!" என்றார் மணல் அடிப்பவர்.

"நீங்க இல்ல. உங்க கையில பச்சை-மஞ்சள் டின் திறந்தே இருந்துச்சு. காப்பியத் தள்ளிவிட நினைச்சா அதுக்கும் ரெண்டு கை அடிச்சுத்தானே அனுப்பியிருப்பீங்க? சாம்பலோட அனுப்பி மாட்டிக்க மாட்டீங்க. இந்தச் சாம்பல், காப்பிய வார்த்த இடத்துலயே அடிச்சு அனுப்புற ப்ரைமர். மாத்தினவருக்கு அதுக்கு மேல அடிக்க நேரம் கிடைக்கல."

"ஷெட்டுன்னா என்னைச் சொல்றீங்களா?" முதலாளியின் குரல் கீச்சென்றது.

"சாவி ஆணியில தொங்குது. யாரு எடுத்தாங்கன்னு சாவி சொல்லாது. அதை விடுங்க. யாரு மாத்தியிருந்தாலும் சரி, புதன்கிழமை காலையிலேயே விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. அவரை எனக்குத் தெரியும்." அவர் பெயின்டர் பக்கம் திரும்பினார். "அண்ணே, துணியப் பிரிச்சதும் சாம்பல் ப்ரைமரப் பாத்தீங்க. என்ன பண்ணீங்க?"

"சின்னவருக்குப் போன் போட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பரவால்ல, மேல அடிச்சிடுங்கன்னாரு."

"போன்ல இருக்கு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஒரு நிமிஷம் கூடப் பேசல."



"ஏழு சில்வரைத் தள்ளிவிட்டு எட்டாவதுக்குத்தான் தலையாட்டின மனுஷன்," என்றார் ஷேட் அக்கா. "சாம்பல் ப்ரைமர் பட்டா ஆறு மாசத்துல உரிஞ்சிரும்னு எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினவரு. அந்தச் சாம்பலே பட்டிருக்குன்னு போன் வருது. நியாயமா என்ன பண்ணியிருக்கணும்? ஓடி வந்து துப்பாக்கியக் கைய நீட்டித் தடுத்திருக்கணும், மணல்காரரை உரிச்சிருக்கணும். பரவால்லயாம்! நான் கல்லாவுல உக்காந்து முடி நரைச்சவ. தன் பொருளா இருந்தா மனுஷன் கடைசிவரைக்கும் பேரம் பேசுவான். பாதியில 'ஏதோ ஒண்ணு குடுங்க'ன்னு சொன்னா, அந்தப் பொருள் அவனுக்கு வேண்டாம்னு அர்த்தம். சின்னவருக்கு அந்த நாலு சக்கரமும் வேண்டாம். ஏன்னா அது மெக்னீசியம் இல்லன்னு அவருக்குத் தெரியும். அசல் அவர்கிட்ட இருக்கு."

சின்னவர் சிரிக்க முயன்றார். "அன்னைக்கு ஏதோ அவசரத்துல இருந்தேன். ஒரு ப்ரைமர்ல என்னங்க பெருசா இருக்கு?"

மணல் அடிப்பவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

"இன்னொண்ணு," என்று சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார் ஷேட் அக்கா. "துப்பாக்கி திருடனா இருந்தா, ப்ரைமர் தப்பா இருக்குன்னு தானே போன் போட்டுச் சொல்லுவாரா? கமுக்கமா சில்வரை அடிச்சு மூடியிருக்க மாட்டாரா?"

சப்-இன்ஸ்பெக்டருக்கு காது மட்டும் சிவந்தது.

"இதெல்லாம் வெறும் ஊகம்," என்றார் சின்னவர். "சக்கரம் எங்கன்னு காட்டுங்க, பேசலாம்."

"அதுவும் சரிதான்." ஷேட் அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "யாரு வச்சிருக்காங்களோ, எனக்கென்ன. ஆனா வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். பச்சை-மஞ்சள் ப்ரைமர் மேல பெயின்ட் பிடிக்கிறதுக்குத்தான். ஈரத்தைத் தடுக்காது. அதோட மட்டும் விட்டு வச்சா ஈரம் உள்ள இறங்கிரும். இந்நேரம் வெள்ளை பூக்க ஆரம்பிச்சிருக்கும். பூத்தா குழி விழும். குழி விழுந்த மெக்னீசியத்த யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"கம்பளிக்குள்ள இருந்தாலுமா?"

கேட்டது சின்னவர். கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது.

பல் டாக்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"எந்தக் கம்பளிடா?"

"அக்கா..."

"என் வீட்ல இருந்து வாங்கிட்டுப் போனியே, குளிருதுன்னு. அந்தக் கம்பளியா?"

சின்னவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீதான் வித்தே தீரணும்னு ஒத்தக் கால்ல நின்ன. அந்தக் கார்ல என்ஜின் அப்பா மாத்தினது. சீட்டு நான் மாத்தினது. கதவு கூட வேற. அந்த நாலு சக்கரம்தான் வந்த நாள்ல இருந்து அப்படியே இருக்கு. காரை எவனாவது கொண்டுபோகட்டும், அது மட்டும் என்கிட்ட இருக்கட்டும்னு நெனச்சேன். முன்னாடியே காப்பி வார்த்து வாங்கி வச்சிருந்தேன், செவ்வாய் ராத்திரி ஷெட்டுல மாத்தினேன். பாத்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தராசோட வருவான்னு நான் கண்டேனா?"

"வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா."

"நீயா? பாதி விலையப் போட்டு எடுத்துக்கோன்னு சொல்லியிருப்ப."

பல் டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "ஆமா, சொல்லியிருப்பேன்," என்றார். "அதுக்காக அந்த மனுஷனை ஒரு ராத்திரி உள்ள உக்கார வைப்பியா?"

"நான் எங்க வச்சேன்? போலீஸ்தான்..."

"'எங்கடா வச்சிருக்க'ன்னு முதல்ல கேட்டது யாரு? எங்க இருக்குன்னு தெரிஞ்சுகிட்டே கேட்டியேடா!"

 சின்னவர் பெயின்டரைப் பார்த்தார். பெயின்டர் அவரைப் பார்க்காமல் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார்.

பகல் 12.20-க்குச் சின்னவரின் படுக்கையறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து நான்கு மூட்டைகளை இழுத்தார்கள். கம்பளியைப் பிரித்ததும் பச்சையும் மஞ்சளுமான நிறம் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒன்றை ஒரு கையால் தூக்கினார். எடை இல்லாததைப் பார்த்து முகத்துக்கு நேராகப் பிடித்து மறுபடியும் பார்த்தார். வெள்ளை பூக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் ஆனாலும் அந்த அறையில் பூத்திருக்காது. அது ஷேட் அக்காவுக்குத் தெரியும்.

காணாமல்போன பொருளில் பாதி அவருடையதே என்று சின்னவரின் வக்கீல் வாதாடிப் பார்த்தார். மீதிப் பாதி அக்காவுடையது என்றும், தெரிந்தே பொய்ப் பழி போட்டு ஒருவரை உள்ளே தள்ளியது முழுக்க அவருடையது என்றும் சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பல் டாக்டர் தன் பங்குக்குக் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் பல் டாக்டர் வந்தார். பெயின்டர் ஏற்கெனவே அங்கே கிளியர் டின்னின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசலுக்கு நீங்கதான் அடிக்கணும்," என்றார் பல் டாக்டர். "கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல. இருந்தாலும் கேக்கறேன்."

பெயின்டர் டின்னைக் கீழே வைத்தார். "அடிக்கிறேன்மா. சக்கரம் என்ன தப்பு பண்ணிச்சு?"

"எவ்வளவு ஆகும்?"

"எழுதுங்கக்கா," என்றார் பெயின்டர். ஷேட் அக்கா பில் புத்தகத்தைத் திருப்பினார்.

"கிளியர், ஹார்ட்னர், தின்னர், தாள், டேப்பு."

எழுதினார்.

"நாலு சக்கரம், கூலி. போன தடவை சொன்ன அதே ரேட்டு."

எழுதினார். கூட்டினார். பல் டாக்டர் கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணி வைத்தார். ஒரு நோட்டு அதிகமாக வைத்தார். பெயின்டர் அந்த ஒன்றைத் திருப்பித் தள்ளினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. எழுதுங்க. ஸ்டேஷன் பெஞ்சுல ஒரு ராத்திரி."

பல் டாக்டர் மறுபடியும் பையைத் திறந்தார். "சொல்லுங்க, எவ்வளவு?"

"உங்க கணக்குல இல்லம்மா. உங்க தம்பி கணக்குல." பெயின்டர் டின்களைப் பையில் அடுக்கினார். "விலை இன்னும் முடிவு பண்ணல. அவரு எட்டு சில்வர் பாத்தாரு இல்ல, நானும் நிதானமா பாத்துச் சொல்றேன்."

ஷேட் அக்கா கோடு போட்டார். மேலே பல் டாக்டர் பேரில்: வரவு சரி. கீழே, புதிதாக ஒரு வரி, சின்னவர் பேரில்: ராத்திரி ஒன்று. தொகைக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் எழுதினார்: பாக்கி.